முறுக்கு டப்பாவும் எம்-டூ அரியரும்

முதல் செமஸ்டரில் எனக்கு ஒரு அரியர்கூட இல்லை. அதை வீட்டில், தெருவில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இரண்டாம் செமஸ்டர் முடிவு 2015 கோடையில் வந்தது. எம்-டூவுக்கு நேராக 'யு' என்ற ஒற்றை எழுத்து. ஃபெயில் என்று நேராகச் சொல்ல மனம் வராமல் யாரோ கண்டுபிடித்த எழுத்து அது.

எம்-டூ என்றால் இன்ஜினியரிங் கணிதம் இரண்டாம் தாள். அதில் வெக்டர் கால்குலஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், லாப்லாஸ், அப்புறம் காம்ப்ளெக்ஸ் எண்கள் சம்பந்தமாக இரண்டு யூனிட். என்னைக் கவிழ்த்தது டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். இத்தனைக்கும் நான் நம்பி இருந்தது அந்த யூனிட்டைத்தான்.

படித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். 'வகைக்கெழுச் சமன்பாடு', 'தொகையீட்டுக் காரணி' என்று படித்தவன். கல்லூரிக்கு வந்ததும் அதே சங்கதிகள் வேறு பெயரில் வந்து நின்றன. புரியாவிட்டால் என்ன, மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று ஒரு தைரியம். சீனியர்கள் கொடுத்த ஜெராக்ஸில் கணக்குகளை டைப் டைப்பாகப் பிரித்திருந்தார்கள். வலப்பக்கம் ஈ பவர் ஏ எக்ஸ் இருந்தால் டைப் ஒன்று: டி (டிஃபரன்ஷியேட் செய் என்பதற்கான குறி) இருக்கும் இடத்தில் ஏ போடு. சைன், காஸ் இருந்தால் டைப் இரண்டு: டி ஸ்கொயருக்குப் பதில் மைனஸ் ஏ ஸ்கொயர் போடு. கீழே பூஜ்யம் வந்துவிட்டால் மேலே எக்ஸால் பெருக்கு, கீழே டிஃபரன்ஷியேட் செய். ஏன் பெருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டியை வெறும் எண்ணாக வைத்து எழுதும் ஆக்சிலரி ஈக்வேஷனின் மூலங்களைக் கேசியோ கால்குலேட்டரே கொடுத்துவிடும். கை மட்டும் வேகமாக ஓடினால் போதும்.

பரீட்சையில் 16 மார்க் கேள்வி ஒன்று: ஒய்யின் இரண்டாம் வகைக்கெழுவோடு ஒய்யைக் கூட்டினால் ஸெக் எக்ஸ்; வேரியேஷன் ஆஃப் பாராமீட்டர்ஸ் முறையில் தீர்க்கவும். ஜெராக்ஸில் அச்சு அசலாக இருந்த கணக்கு. இருபது நிமிடத்தில் எழுதிவிட்டு, எழுந்து இன்னொரு அடிஷனல் ஷீட் கேட்கும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தேன். வெளியே வந்து நண்பனோடு விடையை ஒப்பிட்டபோது லாக் முன்னால் எனக்கு மைனஸ், அவனுக்கு ப்ளஸ். அவன்தான் தப்பு என்று டீக்கடை வரை வாதாடினேன். அந்த ஒரு குறியால் மட்டும் யாரும் ஃபெயிலாகிவிட மாட்டார்கள், தெரியும். ஆனால் அன்று நான் எழுதிய ஐந்து பெரிய கணக்குகளில் எத்தனை சரி என்று எனக்கே தெரியாது என்பது அந்த டீக்கடையில் உறைத்தது.

அரியர் பசங்களுக்குச் சனிக்கிழமை மதியம் தனி வகுப்பு வைத்தார்கள். வருகைப்பதிவுக்காகப் போனேன். வந்தவர் வேறு துறைக்குக் கணக்கு எடுக்கும் ஒரு மேம். போர்டில் ஒரு கணக்கைப் போட்டு, என்னை எழுப்பி விடை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"சரியா?"

"தெரியல மேம். நீங்கதான் சொல்லணும்."

"நான் எதுக்குச் சொல்லணும்? ஈக்வேஷன் போர்டுலதானே இருக்கு? அதையே கேளு. உள்ள போட்டுப் பாரு."

வகுப்பு சிரித்தது. எனக்கு மட்டும் சுருக்கென்றது. டிஃபரன்ஷியல் ஈக்வேஷனின் விடை ஒரு எண் அல்ல, ஒரு சார்பு, அதாவது ஃபங்ஷன். அதை டிஃபரன்ஷியேட் செய்து இடப்பக்கத்தில் போட்டால் வலப்பக்கம் வந்தாக வேண்டும். ப்ளஸ் டூவிலேயே 'சரிபார்க்க' என்று தனிக் கணக்காகக் கொடுத்திருந்தார்கள். அதையும் ஒரு டைப் என்றுதான் நினைத்துக் கடந்திருக்கிறேன். இன்டெக்ரேஷனில் பாதி வித்தை, பாதி அதிர்ஷ்டம். டிஃபரன்ஷியேஷன் அப்படியில்லை, பொறுமை இருந்தால் யாரும் செய்துவிடலாம். ஆக, தீர்ப்பது கஷ்டம், சோதிப்பது சுலபம். மற்ற பாடங்களில் நம் தாளை நாமே திருத்திக்கொள்ள முடியுமா?

அன்று இரவு ஹாஸ்டலில் உட்கார்ந்து, அந்த 'எக்ஸால் பெருக்கு' விதியையே முதலில் பிடித்தேன். டி ஸ்கொயர் ப்ளஸ் 5 டி ப்ளஸ் 6, வலப்பக்கம் ஈ பவர் மைனஸ் 2 எக்ஸ். மூலங்கள் மைனஸ் 2, மைனஸ் 3. விதியை மறந்துவிட்டு, வலப்பக்கத்தில் இருப்பதையே ஏதோ ஒரு மாறிலியால் பெருக்கி விடையாக உள்ளே போட்டேன். 4, மைனஸ் 10, 6: கூட்டினால் பூஜ்யம். எந்த மாறிலியைப் போட்டாலும் பூஜ்யம்தான். ஏனென்றால் அந்தச் சார்பு ஏற்கெனவே வலப்பக்கம் பூஜ்யமாக உள்ள சமன்பாட்டின் தீர்வு. இடப்பக்கம் அதை அப்படியே விழுங்கிவிடுகிறது. அடுத்து எக்ஸால் பெருக்கிப் போட்டேன். எக்ஸ் உள்ள உறுப்புகள் எல்லாம் மறுபடி அடிபட்டுப் போக, மைனஸ் 4 ப்ளஸ் 5, அதாவது 1 மட்டும் மிஞ்சியது. ஒன்று பெருக்கல் ஈ பவர் மைனஸ் 2 எக்ஸ். வேண்டியது அதுதானே! பேனாவைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவில் ஒரு நடை நடந்தேன்.

இதே விஷயம் சைன், காஸில் வந்தால் அதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். ஊஞ்சலை அதன் சொந்தத் தாளத்திலேயே தள்ளினால் வீச்சு ஒவ்வொரு முறையும் ஏறுகிறதே, அந்த ஏற்றம்தான் விடையில் முன்னால் நிற்கும் எக்ஸ். (அங்கே அது நேரம்.) ஜெராக்ஸ் இதை டைப் இரண்டின் 'விதிவிலக்கு' என்று ஓரத்தில் போட்டிருந்தது. மொத்த யூனிட்டிலும் சுவாரசியமான இடம் எனக்கு அதுதான்.

ஒத்ததிர்வு என்றதும் எல்லோரும் அமெரிக்காவின் டகோமா பாலத்தைத்தான் சொல்வார்கள். 1940 ஜூலையில் திறந்து, நவம்பர் 7-ல் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகக் காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்த பாலம். நானும் பல நாள் அப்படியே சொல்லித் திரிந்தேன். அது ஊஞ்சல் கதை இல்லை என்று பிறகு படித்தேன். காற்று தாளம் தப்பாமல் வெளியிலிருந்து தள்ளவில்லை. பாலத்தின் முறுக்கலே காற்றை வளைத்துத் தனக்குச் சாதகமாகத் தள்ளவைத்தது. சமன்பாட்டில் சொன்னால் வலப்பக்கத்தில் ஒன்றுமே வேண்டாம். அசைவைக் குறைக்க வேண்டிய, டி உள்ள நடு உறுப்பின் குறி மாறிவிட்டது, அவ்வளவுதான். மறுபடியும் ஒரு மைனஸ், ப்ளஸ் பிரச்சினை.

சீனியர் ஒருவரின் ஹார்டு டிஸ்க்கில் அமெரிக்காவின் எம்ஐடியில் 2003-ல் பதிவு செய்த டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் வகுப்புகள் இருந்தன. ஜியோ வருவதற்கு முந்தைய காலம். வீடியோ என்பது பென்டிரைவில் கைமாறும் பொருள். ஆர்தர் மட்டக் என்ற பேராசிரியர் போர்டும் சாக்பீஸுமாக நடத்துகிறார். ஆங்கிலம் முதலில் பிடிபடவில்லை, படங்கள் பிடிபட்டன. முதல் வகுப்பிலேயே அவர் எதையும் தீர்க்காமல் சின்னச் சின்னக் கோடுகளாக வரைந்தார். ஒவ்வொரு புள்ளியிலும் சமன்பாடு சொல்லும் சாய்வில் ஒரு துண்டுக்கோடு. நானும் கிராஃப் ஷீட் வாங்கி வந்து, சாய்வு என்பது 1 கூட்டல் எக்ஸ் கழித்தல் ஒய் என்று வைத்துக்கொண்டு வரைந்தேன். எங்கே ஆரம்பித்தாலும் வளைகோடுகள் எல்லாம் வலப்புறம் போகப் போக ஒரே நேர்க்கோட்டை நெருங்கின. பிறகு தீர்த்துப் பார்த்தபோது அந்த நேர்க்கோடு விடையிலேயே எக்ஸ் என்று உட்கார்ந்திருந்ததுதான் ஆச்சரியம்.

லாப்லாஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அட்டவணையை மனப்பாடம் செய்தேன், பார்ஷியல் ஃப்ராக்‌ஷனில் கவனமாக இருந்தேன். அது உருவான கதை தெரியாமலே பாஸாகிவிடலாம்.

அந்த நவம்பரில்தான் பெருமழை. பரீட்சைகள் தள்ளிப்போயின, ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பாவுக்குப் பெட்டிக்கடை. கடையில் முறுக்கு போட்டு வைக்கும் உயரமான பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். அதில் நேர்ச்சுவராக இருந்த ஒன்றை எடுத்து, கோணி ஊசியைக் காய்ச்சி அடியோரம் ஓட்டை போட்டேன்.

கணக்கு இதுதான்: ஓட்டை வழியாக நீர் வெளியேறும் வேகம், மேலே நிற்கும் நீர் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. டாரிசெல்லி சொன்ன விதி. மாறிகளைப் பிரித்துத் தீர்த்தால், உயரத்தின் வர்க்கமூலம் சீராகக் குறையும் என்று வருகிறது. அதனால் ஓட்டையிலிருந்து 16, 9, 4, 1 செ.மீ. உயரங்களில் மார்க்கரால் கோடு போட்டேன். வர்க்கமூலங்கள் 4, 3, 2, 1. ஒவ்வொரு கோட்டைக் கடக்கவும் ஒரே நேரம் ஆக வேண்டும். 7 செ.மீ. இறங்க எவ்வளவு நேரமோ, பிறகு 5 செ.மீ. இறங்கவும் அவ்வளவே. சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை.

செல்போன் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தேன். 16-லிருந்து எண்ணினால், 9-ஐத் தொட சரியாக 2 நிமிடம். 4-ஐத் தொட்டபோது மொத்தம் 4 நிமிடம் 5 நொடி. 1-ஐத் தொட்டபோது மொத்தம் 6 நிமிடம் 20 நொடி. கடைசி சென்டிமீட்டர் மட்டும் கணக்குக்கு அடங்காமல் சொட்டிக்கொண்டே இருந்தது. ஓட்டையின் வாயில் நீர் ஒட்டிக்கொள்வதைச் சமன்பாட்டில் நாம் எழுதவில்லையே.

அப்பா மத்தியானத் தூக்கம் கலைந்து வந்து பார்த்தார். "ஏன்டா, நல்ல டப்பாவுல ஓட்ட போட்டுருக்க? இதுல எப்ப தண்ணி ஊத்துன?"

அதற்குள் டப்பா காலி. அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஸ்டாப்வாட்ச் இருந்தது. அது இல்லாமல் காலி டப்பாவை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சமன்பாட்டாலும் முடியாது. 'இப்போது உயரம் பூஜ்யம்' என்ற தகவலுக்கு எண்ணற்ற தீர்வுகள்: ஐந்து நிமிடம் முன்னால் காலியானது, நேற்றே காலியானது, எல்லாமே பொருந்தும். 'தீர்வு ஒன்றே ஒன்றுதான்' என்ற தேற்றத்தின் நிபந்தனைகளை ஏன் அத்தனை நீளமாக எழுதுகிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. "பரீட்சைக்குப்பா" என்றேன். அந்த வார்த்தைக்கு எங்கள் வீட்டில் எதுவும் மன்னிக்கப்படும்.

தள்ளிவைத்த பரீட்சை ஒருவழியாக நடந்தது. வினாத்தாளைத் திருப்பினால் அதே கேள்வி, ஸெக் எக்ஸ். இந்த முறை கடைசியில் கால் மணி நேரத்தைச் சோதிப்பதற்கென்றே ஒதுக்கியிருந்தேன். விடையை இரண்டு முறை டிஃபரன்ஷியேட் செய்து, எக்ஸுக்குப் பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் 3 வந்தது. வலப்பக்கம் ஸெக் பூஜ்யம், அதாவது 1. வயிறு கலங்கியது. பின்னாலிருந்து ஒவ்வொரு வரியாக வந்தேன். டேன் எக்ஸை இன்டெக்ரேட் செய்தால் மைனஸ் லாக் காஸ்; அதற்கு முன்னால் ஏற்கெனவே ஒரு மைனஸ் இருந்தது, அதை அடுத்த வரிக்கு எடுத்துவரவில்லை. போன தடவை செய்த அதே தப்பு! ஒரு கோட்டால் அடித்துவிட்டு ப்ளஸ் போட்டேன். மறுபடி சோதித்தேன். காஸும், சைன் ஸ்கொயர் கீழே காஸும் சேர்ந்து ஸெக் எக்ஸாகி நின்றன. டீக்கடையில் நான் சண்டை போட்ட நண்பனுக்கு ஹாலிலிருந்தே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

'சி' கிரேடு வந்தது. கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் 'ஸ்டாண்டிங் அரியர் கூடாது' என்ற வரியைப் பார்த்தால் இனி பயமில்லை.

டப்பாவின் ஓட்டையை அப்பா எம்-சீல் வைத்து அடைத்தார். தின்பண்டம் போட மனம் வராமல் இப்போது அதில் ஷாம்பு பாக்கெட்டுகளை வைத்திருக்கிறார். கோடுகள் அழியவில்லை. கடைக்கு வரும் பையன்கள் சிலர் அந்த 16, 9, 4, 1 என்ன விலையா என்று கேட்கிறார்களாம்.