சம்பளம் எட்டிப்பிடிக்காத விலை: திருக்கடலூர் நாட்குறிப்பு

2024 ஒக்டோபர் 1, செவ்வாய்

நேத்து நடுச்சாமத்தோட மண்ணெண்ணெய் லீற்றருக்கு 19 ரூபா குறைஞ்சு 183 ஆகிட்டு. கடலுக்குப் போற எங்கட வீட்டுக்காரருக்கு நல்ல சந்தோசம். எங்கட திருகோணமலைப் பக்கம் சின்ன போட் எல்லாம் மண்ணெண்ணெயிலதானே ஓடுது, எண்ணெய்க் காசக் கழிச்சு மிச்சத்தத்தான் பங்கு பிரிக்கிறது, அதால எண்ணெய் குறைஞ்சா எங்கட கைக்கும் ஏதோ கொஞ்சம் வரும். ஆனா 2022 ஆகஸ்ட்டில ஒரே ராத்திரியில 87ல இருந்து 340க்குத் தூக்கினவங்க, அத எப்பிடி மறக்கிறது. இப்ப குறைஞ்சும் அந்தப் பழைய விலையப்போல ரெண்டு மடங்குக்கு மேலதான் நிக்குது.

ஒக்டோபர் 2

பணவீக்கம், அதாவது ஒரு வருசத்தில விலை கூடின வீதம், மைனஸ் 0.5 எண்டு நியூஸ்ல சொன்னதக் கேட்டிட்டு பக்கத்து வீட்டு அக்கா வந்து "அப்ப ஏன்டி தேங்காய் விலை இறங்கேல்ல" எண்டு கேட்டா. நியாயமான கேள்வி. ராவைக்கு மகள்ட கொப்பியில கணக்குப் போட்டுப் பாத்தன். 2021 செப்டம்பர்ல 100 ரூபாக்கு வாங்கின சாமான், அடுத்த வருசம் பணவீக்கம் 69.8 வீதம், அப்ப கிட்டத்தட்ட 170, அதுக்கடுத்த வருசம் 1.3 வீதம் கூடி 172, இப்ப மைனஸ் வந்து 171. மைனஸ் எண்டு சொல்றது அந்த ஒரு ரூபாயத்தான். மிச்ச 71 ரூபா எங்கட தலையிலதான் நிக்குது.

சட்டத்தில உள்ள குறைஞ்ச சம்பளத்த போன மாசம்தான் 12,500ல இருந்து 17,500 ஆக்கினவங்க, அது 40 வீதம். விலை 71, சம்பளம் 40. இந்த இடைவெளியத்தான் ஒவ்வொரு வீடும் வயித்தக் கட்டி நிரப்புது, இத ஆரும் நியூஸ்ல வாசிக்கிறேல்ல.

ஒக்டோபர் 6, ஞாயிறு

எங்க குறைச்சம் எண்டு யோசிச்சன். பால்மா பெட்டி இப்ப சின்னவனுக்கு மட்டும், பெரியவள் வெறும் தேத்தண்ணி. மகள்ட ரியூசன்ல கணக்கு மட்டும் மிச்சம், இங்கிலிஷ நிப்பாட்டியாச்சு, அவள் ஒண்டும் சொல்லேல்ல, அதுதான் எனக்குக் கூடுதலா வலிக்குது. கடல்ல பிடிச்சு வாற வீட்டிலயே பாரை, விளைமீன் எல்லாம் விக்கிறதுக்குத்தான், எங்கட சட்டிக்கு சூடையும் சாளையும். முந்தி அப்பிடி இல்ல, நல்ல மீன் ஒண்டு பிள்ளையளுக்கெண்டு எடுத்து வைப்பம். என்ட காப்பு 2022ல அடகுக்குப் போனது, இன்னும் வட்டிதான் கட்டுறம், முதல் அப்பிடியே கிடக்கு. இந்தக் கடனெல்லாம் எந்தப் புள்ளிவிவரத்திலயும் மைனஸ் ஆகாது.

நவம்பர் 27

ரெண்டு நாளா மழையும் காத்தும், தாழமுக்கம் கரையோரமா வந்திட்டு, ஒருத்தரும் கடலுக்குப் போகேல்ல. ஏ.எல் (உயர்தர) சோதினையையும் தள்ளி வைச்சிட்டாங்க. வாடைக்காலம் தொடங்கினா எங்களுக்கு இப்பிடித்தான், மாசக்கணக்கில தொழில் பாதி. முந்தி சீசனில சேத்த காசு இந்த மாசங்களுக்குக் காணும், இப்ப சீசன் காசு சீசனிலயே முடியுது. நான் சாப்புக்கடையில எடுக்கிற சம்பளம் மட்டும்தான், அதிலயும் ஈ.பி.எஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிஞ்சு வரும். அத வேணாம் எண்டு சொல்லமாட்டன், வயசு போனா எனக்கெண்டு இருக்கப்போறது அது ஒண்டுதான்.

டிசம்பர் 11

நாட்டரிசி கிலோ 230 எண்டு கட்டுப்பாட்டு விலை போட்டிருக்கு. சந்தையில நாலு கடை ஏறி இறங்கினன், அந்த விலைக்கு அரிசியே இல்ல, இருக்கிறவங்க கூடச் சொல்றாங்க. விலை எழுதினாப் போதாது, அரிசிய ஆர் பதுக்கி வைச்சிருக்கிறாங்க எண்டும் பாக்கோணும். கடைசியில அரைக்கிலோ வாங்கினன், மிச்சத்துக்கு மா.

கடையில வேலை செய்யிற நாங்க மூண்டு பேரும் பேசி வைச்சிருக்கிறம், தை மாசச் சம்பளத்துக்கு முன்னம் முதலாளியிட்ட சேந்து போய்ச் சம்பளத்தக் கூட்டிக் கேக்கிறதெண்டு. அந்தக் கொப்பிக் கணக்கையும் கொண்டு போறன். என்ன சொன்னவர் எண்டு வந்து எழுதுறன்.