மதுரை இரைச்சலுக்கு நடுவே 5 வாட் மோர்ஸ்

ஹாம் ரேடியோவுக்கு (பொழுதுபோக்காக லைசென்ஸ் வாங்கி வானொலியில் பேசுவதற்கு) மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதியை, அதாவது எழுத்துகளைக் குறும் ஒலி ‘டிட்’, நெடும் ஒலி ‘டா’ என்று அனுப்பும் தந்தி மொழி தெரிய வேண்டும் என்ற விதியை, ஜெனீவா வானொலி மாநாடு 2003-லேயே எடுத்துவிட்டது. நம் நாட்டில் ஹாம்களுக்கான ரெஸ்ட்ரிக்டட் வகை லைசென்ஸுக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. தந்தி சேவையும் 2013 ஜூலையோடு முடிந்தது. அப்படியும் காலை ஏழு மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸின் அடிப்பகுதியில் காதை வைத்தால் டிட்-டா ஓயவில்லை. பழம்பெருமை பேசும் தாத்தாக்கள் வேலை என்று பலரும் ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மதுரை மாதிரி நெருக்கடியான ஊரில், சின்ன மொட்டை மாடியும் கொஞ்சம் காசும் மட்டும் உள்ளவருக்குக் கணக்குப்படி கட்டுப்படியாவது இதுதான்.

அந்தக் கணக்கு இது. ஹாம்கள் பேச்சுக்குப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.பி. முறையில் குரலைக் கேட்க ரிசீவர் சுமார் 2400 ஹெர்ட்ஸ் அகலத்துக்குத் திறந்திருக்க வேண்டும். மோர்ஸுக்கு 300 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போதும். அகலம் எட்டில் ஒன்றானால் உள்ளே வரும் இரைச்சலும் எட்டில் ஒன்று, அதாவது 9 டெசிபல் குறைவு. அதனால் 5 வாட் மோர்ஸ், ஏறத்தாழ 40 வாட் பேச்சு அளவுக்கு எதிர்முனையில் எடுபடும். அதற்கு மேல், பழகிய காது ஒரே ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். அந்த லாபம் எந்த மீட்டரிலும் வராது. ஃபில்டரை ரொம்பக் குறுக்கவும் கூடாது. ஐப்பசி இடி மின்னலில் 200 ஹெர்ட்ஸ் ஃபில்டர் ஒவ்வொரு சடசடப்பையும் மணி மாதிரி இழுக்கும். அந்த நேரம் 500-க்குப் போய்விடுவது நல்லது.

மதுரையில் முதல் எதிரி தூரம் அல்ல, வீட்டு இரைச்சல். எல்.இ.டி. பல்பு, செல் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாமே 7 மெகாஹெர்ட்ஸில் இரையும். எது என்று கண்டுபிடிக்க ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மெயினை அணைக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுவது: மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக ஓடத் தொடங்கி இரைச்சலைக் கூட்டிவிடும், ‘வெளியிலிருந்துதான் வருகிறது’ என்று தப்பாக முடிவு கட்டுவார்கள். இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைத்தால்தான் சோதனை செல்லும். பிறகு எம்.சி.பி.யை ஒவ்வொன்றாகப் போட்டு, எதில் இரைச்சல் ஏறுகிறது என்று பார்க்கலாம். டிரையாக் (மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் எலெக்ட்ரானிக் சுவிட்ச்) வைத்த ஃபேன் ரெகுலேட்டர் குற்றவாளியானால் கெபாசிட்டர் ஸ்டெப் ரெகுலேட்டர் மாட்டினால் அடங்கும். எல்லாம் அணைத்தும் கரகரவென்று 100 ஹெர்ட்ஸில் உறுமினால், தெருக் கம்பத்தில் எங்கோ தளர்ந்த இணைப்பு பொறிகிறது என்று சந்தேகிக்கலாம். மழை பெய்ததும் அது அமைதியாகிவிட்டால் சந்தேகம் உறுதி. கம்பத்தை நீங்கள் தொடக்கூடாது, மின்வாரியத்தில்தான் சொல்ல வேண்டும்.

ஆன்டெனாவுக்கு வீட்டு வயரிங் ஒயரே போதும். 7.030 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் (நடுவில் பிரித்த இரு கை ஒயர் ஆன்டெனா) மொத்தம் 20.3 மீட்டர், ஒவ்வொரு கையும் 10.15. பி.வி.சி. உறை போட்ட ஒயர் இன்னும் கொஞ்சம் குட்டையாகவே ஒத்திசையும் என்றாலும், தொடக்கத்தில் 10.4 வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) மிகக் குறைவாக இருக்கும் இடம் 6.9 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினால் ஒவ்வொரு கையிலும் சுமார் 19 சென்டிமீட்டர் குறைய வேண்டும். ஒரேயடியாக வெட்டாமல் 15 சென்டிமீட்டர் மடக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். நடுவை மாடியில் நட்ட குழாயில் தூக்கி, முனைகளைத் தண்ணீர்த் தொட்டிக்கும் எதிர்ப்பக்கச் சுவருக்கும் சரித்துக் கட்டினால் இடம் அடங்கும். நடு தரையிலிருந்து 10 மீட்டர் இருந்தால் அலை பெரும்பாலும் மேல்நோக்கிப் போய்த் திரும்பி விழும். சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் பிடிக்க அதுதான் வேண்டும். அவ்வளவு இடம் இல்லாத வீட்டுக்கு 14 மெகாஹெர்ட்ஸ்: மொத்தமே 10.2 மீட்டர். மின் கம்பிக்கு மேலேயோ கீழேயோ ஒயர் ஒருபோதும் குறுக்கே போகக்கூடாது. சாதா நைலான் கயிறு மதுரை வெயிலில் பொடிந்துவிடும், அடிக்கடி பார்த்து மாற்றுங்கள். ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கோஆக்ஸ் கேபிளின் முனையை டேப் சுற்றி மூடாவிட்டால் ஒரு மழையில் தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.

கட்டுவதற்கு எளிது என்பது இரண்டாவது ஈர்ப்பு. பேச்சுக்கு மாடுலேட்டர், மிக்சர், ஃபில்டர் என்று அடுக்க வேண்டும். மோர்ஸுக்கு ஒரு கிரிஸ்டல் ஆசிலேட்டர், ஒரு பவர் டிரான்சிஸ்டர், தேவைக்கு மேற்பட்ட அலைவரிசைகளைத் தடுக்கும் ஒரு லோபாஸ் ஃபில்டர். ‘பிக்ஸி’ என்ற சின்னக் கிட் அரை வாட்டுக்கும் குறைவாகத்தான் தரும், அதிலேயே ஆட்கள் பேசுகிறார்கள். அதன் ரிசீவரில் ஒரு தொல்லை: 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் சிற்றலை வானொலிகள் பொழுது சாய்ந்ததும் உள்ளே புகுந்து பாடும். காலையில் அதே கிட் தங்கம்.

சொந்தமாகக் கட்டும்போது மூன்று கோளாறு வரும். கீயை (மோர்ஸ் தட்டும் விசையை) அழுத்தியதும் ‘ப்யூ’ என்று சுருதி வழுக்கினால், சப்ளை வோல்டேஜ் இறங்கி ஆசிலேட்டரை ஆட்டுகிறது. ஆசிலேட்டருக்குத் தனியாக 78எல்09 ரெகுலேட்டர், அதற்கும் பவர் நிலைக்கும் நடுவே ஒன்றை ஒன்று பாதிக்காமல் பிரிக்கும் ஒரு பஃபர், இரண்டும் சேர்ந்தால் நிற்கும். பக்கத்து அலைவரிசைக்காரருக்கு ‘டக் டக்’ என்று கேட்டால், அலை சட்டென்று எழுந்து சட்டென்று விழுகிறது. பி.என்.பி. டிரான்சிஸ்டர் வழியாகக் கீ செய்து, ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வைத்து ஏற்றத்தையும் இறக்கத்தையும் தலா 5 மில்லிசெகண்டுக்கு நீட்டுங்கள். மூன்றாவது கோளாறு ஹார்மோனிக்ஸ், அதாவது அலைவரிசையின் மடங்குகளில் எழும் வேண்டாத அலைகள்: 7.030-இன் இரட்டிப்பு 14.060, நேராக இன்னொரு ஹாம் பேண்டிலேயே விழும். 270, 680, 680, 270 பிகோஃபாரட் கெபாசிட்டர்களும், டி37-6 மஞ்சள் வளையத்தில் 21, 24, 21 சுற்றுகளும் கொண்ட லோபாஸ் ஃபில்டர் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸுக்கு ஹாம்கள் சொல்லும் பெயர்) நன்றாகச் சோதிக்கப்பட்டது. கெபாசிட்டர் சூட்டில் மதிப்பு மாறாத என்.பி.0 ரகமாக இருக்கட்டும். கடையில் கையில் திணிக்கும் சாதா செராமிக் டிஸ்க் இங்கே சூடாகி மதிப்பு மாறும். இவ்வளவும் லைசென்ஸ் கையில் வந்த பிறகு.

பயிற்சி ஆசிலேட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம். ஒரு 555 ஐ.சி., 9 வோல்ட் பேட்டரி. எட்டாவது காலுக்கும் ஏழாவதுக்கும் நடுவே 10 கிலோ ஓம், ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே 100 கிலோ ஓம், இரண்டையும் ஆறையும் சேர்த்து அங்கிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோஃபாரட். சுமார் 690 ஹெர்ட்ஸ் வரும். மூன்றாவது காலிலிருந்து 100 ஓம், 10 மைக்ரோஃபாரட் வழியாக ஸ்பீக்கர். நான்காவது காலை 10 கிலோ ஓம் மூலம் கிரவுண்டில் கட்டி, கீ அதை எட்டோடு சேர்க்கும்படி வையுங்கள். பேட்டரியையே கீ மூலம் துண்டித்தால் ஒவ்வொரு எழுத்தின் முனையும் ‘தொப்’ என்று விழும்.

கற்பதில் எல்லோரும் செய்யும் தப்பு, புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையை மனப்பாடம் செய்வது. நிமிடத்துக்கு 5 வார்த்தை வேகத்தில் மனம் எண்ணத் தொடங்கும். அந்த எண்ணும் பழக்கம் 10 வார்த்தையில் சுவர் மாதிரி நிற்கும். தவில் பழகும் பிள்ளை சொற்கட்டை வாயால் சொல்லிப் படிக்கிற மாதிரிதான் இதையும் படிக்க வேண்டும்: சி என்றால் டா-டி-டா-டிட், ஒரே மூச்சில். எழுத்தை 18 அல்லது 20 வார்த்தை வேகத்தில் கேளுங்கள், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை மட்டும் நீட்டிக்கொள்ளுங்கள். எழுத்துகளை முழு வேகத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் படிக்கும் கோக் முறையில் கே, எம் இரண்டில் தொடங்கி, 90 சதவீதம் சரியானதும் அடுத்த எழுத்து. காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம். ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்காருவது வீண். தவறிய எழுத்தை விட்டுவிடுங்கள். அதைத் தேடப் போனால் அடுத்த மூன்றும் போகும்.

அளவு எளிது. 1200-ஐ வேகத்தால் வகுத்தால் டிட்டின் நீளம் மில்லிசெகண்டில் வரும்: 12 வார்த்தைக்கு 100. டா அதில் மூன்று பங்கு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே ஏழு. கையால் அனுப்பும்போது கெடுவது டாவும் டிட்டும் அல்ல, இந்த இடைவெளிதான். ஸ்ட்ரெய்ட் கீயில் முழங்கையை மேசையில் ஊன்றி மணிக்கட்டு அசைய வேண்டும். விரல் நுனியால் தட்டினால் அரை மணியில் கை மரத்துவிடும். தொடுமுனை இடைவெளி ஒரு விசிட்டிங் கார்டு தடிமன். பித்தளை முனை கறுத்தால் வெள்ளைத்தாளை நடுவே வைத்து இழுங்கள், உப்புத்தாள் வேண்டாம்.

நேரம் பார்த்து உட்காருவதும் ஒரு கலை. உச்சி வெயிலில் 7 மெகாஹெர்ட்ஸை அயனி மண்டலத்தின் (வானொலி அலைகளைத் திருப்பும் மேல் வளிமண்டலத்தின்) கீழ்ப்பகுதியான டி அடுக்கு விழுங்கும். அப்போது 14 மெகாஹெர்ட்ஸ், சூரியப்புள்ளிகள் அதிகமுள்ள ஆண்டுகளில் 21. அந்தப் புள்ளிகளைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாகப் பதிந்து வருகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போவதால் நமக்கென்று ஒரு வினோதம் உண்டு: பங்குனி, புரட்டாசி வாக்கில் பொழுது சாய்ந்தபின் அயனி மண்டலம் கலங்கி, சுத்தமான சுருதி நடுங்கிக் கரகரக்கும். ரிசீவரைத் திறந்து பார்க்காதீர்கள், கோளாறு அங்கே இல்லை. வேகத்தைக் குறைத்து, அழைப்புக்குறியை (உங்கள் நிலையத்தின் அடையாள எழுத்துகளை) இரண்டு முறை அனுப்பினால் எடுபடும்.

முதல் அழைப்புக்கு 7.030 நல்ல இடம், குறைந்த வாட் ஆட்கள் கூடும் இடம் அது. இரண்டு நிமிடம் கேட்டு, பிறகு கேள்விக்குறி போட்டு க்யூ.ஆர்.எல். (‘இந்த இடத்தில் யாராவது இருக்கிறீர்களா?’) அனுப்பி, யாரும் இல்லை என்றால் சி.க்யூ. (எல்லோருக்குமான பொது அழைப்பு). உங்களால் வாங்க முடிகிற வேகத்தில்தான் அனுப்ப வேண்டும். 12-இல் அழைத்தால் 12-இல் பதில் வரும். அப்படியும் யாராவது 25-இல் பாய்ந்தால் க்யூ.ஆர்.எஸ். (‘மெதுவாக அனுப்புங்கள்’) என்று மூன்றெழுத்து போதும், ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை.