ரம்பொடைல பொறந்த அட்மிரல்

இலங்கைல நுவரெலியா டூர் போறவங்க வழியில ரம்பொடைல இறங்கி அருவியப் பாத்துட்டு ஆஞ்சநேயரக் கும்பிட்டுட்டுப் போவாங்க. அந்த ஊர்ல 1841ல பொறந்தவர்தான் பிரிட்டிஷ் நேவியையே தலைகீழாப் புரட்டிப் போட்ட அட்மிரல் ஜாக்கி ஃபிஷர். அப்பா ராணுவத்துல கேப்டனா இருந்துட்டு காப்பித் தோட்டம் போட்டு கையச் சுட்டுக்கிட்டவரு. ஆறு வயசுல பையன இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் அவன் அப்பா முகத்தையே பாக்கல.

1854ல 13 வயசுல நேவில சேர எக்ஸாம் என்னன்னா, பரமண்டல ஜெபத்த எழுதிக் காட்டணும், டாக்டர் முன்னாடி ஒட்டுத்துணி இல்லாம ஒரு நாற்காலியத் தாண்டிக் குதிக்கணும், முடிஞ்சா ஒரு கிளாஸ் ஷெர்ரி ஒயின், சேந்தாச்சு! அவரே பின்னாடி எழுதி வச்சது இது. நீட்டுக்குப் படிக்கிற புள்ளைங்க கேட்டா வயிறெரிவாங்க.

சீனா, எகிப்துன்னு எல்லாச் சண்டையிலயும் இருந்திருக்காரு, ஆனா எனக்குப் புடிச்சது வேற. வண்டு நெளியுற காஞ்ச பிஸ்கட்டக் கடிச்சுக்கிட்டிருந்த மாலுமிங்களுக்கு கப்பல்லயே தினமும் சூடா பிரெட் சுட ஏற்பாடு பண்ணாரு பாருங்க, அது.

1904ல ஃபர்ஸ்ட் சீ லார்ட், அதாவது நேவிக்கே தலைமை. வந்த கையோட 154 பழைய கப்பல ஓரங்கட்டுனாரு, சண்ட போடத் தெம்பும் இல்ல தப்பிச்சு ஓட வேகமும் இல்லன்னு. 1906ல டிரெட்நாட்னு ஒரு புதுப் போர்க்கப்பல், பத்து 12 இன்ச் பீரங்கி, நீராவி டர்பைன், 21 நாட் வேகம். அது வந்ததும் பிரிட்டனோட மத்த போர்க்கப்பல் எல்லாமே ஒரே நாள்ல பழசாயிடுச்சு, இனி ஜெர்மனியும் நம்மளோட சமமா முதல்ல இருந்து ஆரம்பிக்க நாமளே வழி விட்டுட்டோம்னு அப்ப பிரிட்டன்ல பெரிய கூச்சல். என்னக் கேட்டா அவர் செஞ்சது சரிதான், அமெரிக்காவும் ஜப்பானும் அதே மாதிரி கப்பலுக்கு பிளான் போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க.

எதிரிங்களுக்குப் பஞ்சமே இல்ல. அவங்கம்மா ஒரு சிங்கள இளவரசின்னு கூட கதை கட்டி விட்டாங்க.

1910ல ரிட்டயர் ஆனவர 1914ல, 73 வயசுல, அப்ப நேவி மந்திரியா இருந்த சர்ச்சில் திரும்பக் கூட்டிட்டு வந்தாரு. அங்கதான் வினை. 1915 ஜனவரி மீட்டிங்ல துருக்கியோட டார்டனெல்ஸ் ஜலசந்தியக் கப்பல வச்சுத் தாக்குற சர்ச்சிலோட பிளான் புடிக்காம எந்திரிச்சுப் போகப் பாத்தவர போர் மந்திரி கிச்சனர் சமாதானம் பண்ணி உக்கார வச்சுட்டாரு. ஃபிஷர் அப்பவே முடியாதுன்னு உடைச்சுச் சொல்லியிருக்கணும், சொல்லல. மே மாசம் ராஜினாமா லெட்டரக் குடுத்துட்டு ஆளே எஸ்கேப், பிரதமர் அஸ்குவித் ராஜா பேரச் சொல்லி வேலைக்குத் திரும்பச் சொல்லியும் கேக்கல, நேவி மொத்தத்தையும் என் கையில குடுத்தா வரேன்னு ஆறு கண்டிஷன் வேற. அஸ்குவித் ராஜினாமாவையே ஏத்துக்கிட்டாரு.