பொற்கோயிலில் அப்பாவின் வேண்டுதல்

அப்பா பட்டாளத்தில் இருந்தபோது அமிர்தசரஸ் பொற்கோயிலில் வேண்டிக்கொண்டது அது. "ஒரு தடவையாவது உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்" என்பார். அவர் காலத்தில் கைகூடவில்லை. வருஷத் திதி முடிந்ததும் அம்மாவை நான் அழைத்துப் போனேன்.

தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டார்கள். காவித் துணியை அம்மா தலையில் கட்டியேவிட்டு ஒருவன் காசு கறந்தான். வாசலில் கூடை நிறைய இலவசமாகவே வைத்திருக்கிறார்கள்! வாகா எல்லைக்கு வண்டி பேசுகிறவர்கள் தொல்லை தனி.

செருப்பு விடும் இடத்தில் ஒரு பெரியவர், பார்த்தாலே பெரிய இடத்து மனிதர், அம்மாவின் தேய்ந்த செருப்பை இரண்டு கையாலும் வாங்கித் துணியால் துடைத்து வைத்தார். "ஐயோ, வேண்டாங்க" என்று அம்மா பதறிவிட்டாள். உழவாரம் ஏந்திய அப்பர் பெருமான்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

மார்கழிக் குளிர். விடியாத நேரத்திலும் குளத்து நடுவே சன்னிதிக்குப் போகும் பாலத்தில் நசுங்கும் கூட்டம். பளிங்குத் தரையில் அம்மாவுக்குக் கால் மரத்துப்போனது. உள்ளே ஆசா தி வார் என்ற விடியற்காலைத் துதியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற சர்தார்ஜி இந்தியில் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். அகந்தை தீராத நோய், மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது, அவன் அருள் வைத்தால் குருவின் சொல் பலிக்கும் என்கிறார் சீக்கியர்களின் இரண்டாம் குரு அங்கத்.

ஐந்தாம் குரு அர்ஜன் தன்னை இறைவனின் பயில்வான் என்றே பாடியிருக்கிறாராம். கோதாவைச் சுற்றிக் கூட்டம், பார்ப்பவன் ஆண்டவன். குரு முதுகில் தட்டிக்கொடுக்க, ஐந்து மல்லர்களும் மண்ணைக் கவ்வுகிறார்கள். காமம், கோபம், பேராசை, மோகம், அகங்காரம். வெறும் வாய்ப்பேச்சா? பாடியவர் 1606-ல் லாகூரில் சித்திரவதைப்பட்டு உயிர்விட்டவர். முதல் நான்கு மல்லர்களை எனக்கு அடையாளம் தெரியும். ஐந்தாமவன் பக்தனாகவே வேஷம் கட்டி வருவான்.

வந்தான். சீக்கியர்களின் வேதமான கிரந்த சாஹிப் முன் நின்றதும், "அப்பா, நீங்க செய்யாததை நான் செஞ்சுட்டேன் பாருங்க" என்று மனசு மார்தட்டியது. அதற்குள் பின்னாலிருந்து தள்ளினார்கள். முட்டி மடங்கி நெற்றி தரையில் பட்டது. நானா அழைத்து வந்தேன்? முட்டிவலிக்காரி இந்தக் குளிரில் இவ்வளவு நேரம் நின்றாளே, அது யார் கொடுத்த பலம்? வாஹே குரு, வாஹே குரு... வேறெதுவும் வாயில் வரவில்லை. அம்மா தேம்பிக்கொண்டிருந்தாள்.

கையில் விழுந்த சூடான கோதுமை அல்வா, அந்தக் கடா பிரசாதத்தின் நெய் மணம் மட்டும் நினைவிருக்கிறது. வெளியே வந்த வழி நினைவில்லை. எல்லோருக்கும் சாப்பாடு போடும் லங்கரில் சாப்பிட்டதும் அம்மா பூண்டு உரிக்கும் பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை இந்தி தெரியாது. ரயிலுக்கு நேரமாச்சு என்றால், "இந்தக் கூடை முடியட்டும்டா, நீயும் உட்காரு" என்கிறாள்.