ரூஸ்வெல்ட் ஹோட்டலில் யார் தங்கினார்கள்?

நியூயார்க்கில் ரூஸ்வெல்ட் ஹோட்டல் 1924-இல் திறந்தபோது, கிராண்ட் சென்ட்ரலில் ரயில் இறங்கும் பயணிகள் மழையில் நனையாமல் வந்துசேர சுரங்கப்பாதையே இருந்தது. கொரோனாவில் சுற்றுலா படுத்துவிட, 2020-இல் மூடிவிட்டார்கள் (அப்போதைய உரிமையாளர் பாகிஸ்தான் அரசு விமான நிறுவனம் என்பது தனிக்கதை!). அப்புறம் 2022-இல், மெக்சிகோ எல்லையில் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தின் ஆளுநர் புகலிடம் தேடி வந்தவர்களை பஸ் பஸ்ஸாக நியூயார்க்குக்கு ஏற்றி அனுப்ப, பஸ் நிலையத்திலேயே சாப்பாடும் துணியும் கொடுத்து வரவேற்றவர்கள் தன்னார்வலர்கள். நியூயார்க்கில் வீடற்றவர் தங்க இடம் கேட்டால் நகராட்சி கொடுத்தாக வேண்டும். 1981-இல் ஆண்களுக்கென்று வந்த அந்த உரிமை பிறகு குடும்பங்களுக்கும் கிடைத்தது. அதனால் 2023-இல் அதே ஹோட்டல் இப்படி வந்தவர்களுக்கான வரவேற்பு மையமாகி, சரவிளக்குக் கூடத்தில் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் பதிவுக்காகக் காத்திருந்தன. செலவைச் சொல்லிப் பெரிய சண்டையே நடந்தது. சரி, காலி அறைகளைப் பூட்டிவைத்து யாருக்கு லாபம்? 2025 ஜூனில் மையத்தையும் மூடிவிட்டார்கள்.