வெள்ளைச் சட்டையோடு ஷிகோகுவில்: முதல் கட்டம்

ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 பௌத்தக் கோயில்களைச் சுற்றி நடக்கும் யாத்திரையின் முதல் கட்டம் முடிந்தது. நருட்டோ ஊரில் இருக்கும் முதல் கோயில் ரியோசென்ஜியில் தொடங்கி, மலைமேல் இருக்கும் 12ஆம் கோயில் ஷோசான்ஜி வரை. முழுச் சுற்று சுமார் 1,200 கிலோமீட்டர், அதனால் போக வேண்டியது இன்னும் நிறைய. ஆனால் இந்த முறை நான் எழுத நினைத்தது தூரத்தைப் பற்றி அல்ல, போட்டிருந்த சட்டையைப் பற்றி.

யாத்திரைக்காரர்கள் போடும் வெள்ளைச் சட்டையை ஹகுஇ என்பார்கள். இந்த யாத்திரையே கூகாய் என்ற பௌத்தத் துறவியின் நினைவில் நடப்பது; முதுகில் அவரைப் போற்றும் வரி எழுதியிருக்கும். முதல் கோயிலிலேயே விற்கிறார்கள். கை வைத்ததும் உண்டு, கை இல்லாததும் உண்டு. நான் எடுத்தது கை இல்லாதது. எந்த உடுப்புக்கு மேலும் மாட்டிக்கொள்ளலாம். வழியில் உயிர் போனால் அதையே சவத்துணியாக்கி அடக்கம் செய்யலாம் என்றுதான் அந்தக் காலத்தில் வெள்ளை உடுத்தினார்களாம். மலைப்பாதையைப் பார்த்த பிறகு அது மிகையாகத் தோன்றவில்லை.

முதல் நாள் காலையிலேயே வயலோரம் ஒரு பாட்டி கூப்பிட்டுக் கை நிறைய மிகான் ஆரஞ்சு கொடுத்தார். நடப்பவர்களுக்கு ஊர்க்காரர்கள் இப்படிக் கொடுப்பதற்கு ஒசெத்தாய் என்று பெயர். பழனிக்கு நடப்பவர்களுக்கு வழியில் மோர் கொடுப்பார்களே, அதே மனசு. வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கொடுப்பவர் கூகாய்க்கே கொடுப்பதாக நினைத்துக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு, பெயரும் ஊரும் எழுதிய ஒசாமெஃபுதா சீட்டு ஒன்றைக் கொடுப்பது வழக்கம். முதல் சுற்றுக்காரர்களுக்கு வெள்ளைச் சீட்டு.

ஒரு நாள் மழை. சட்டைக்கு மேல் கறுப்பு மழைக்கோட்டு போட்டிருந்தேன். எதிரே வந்தவர்கள் தலையசைத்தார்கள், அவ்வளவுதான். மழை விட்டுக் கோட்டைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் ஒரு கார் ஓரமாக நின்றது. அதிலிருந்து இறங்கிய பெரியவர் சூடான தேநீர் டப்பா ஒன்றை நீட்டிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். என்னை அதிர்ஷ்டக்காரன் என்று சொல்லலாம். ஆனால் அந்த அதிர்ஷ்டம் என்னுடையது இல்லை. எத்தனையோ தலைமுறையாக இதே வெள்ளையில் நடந்தவர்கள் சேர்த்து வைத்தது.

10ஆம் கோயில் கிரிஹதாஜிக்கு 333 படி ஏற வேண்டும். அங்கே சொல்லும் கதை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கிழிந்த உடையைத் தைக்க ஒட்டுத்துணி கேட்ட கூகாய்க்கு, தறியில் நெய்துகொண்டிருந்த புதுத் துணியையே ஒரு பெண் தயங்காமல் வெட்டிக் கொடுத்தாளாம். கத்தரியும் துணியும் பிடித்த, கருணைத் தெய்வமான கண்ணோனின் சிலை அங்கே நிற்கிறது. படியேறிய களைப்போடு அதன் முன்னால் வெகு நேரம் நின்றேன்.

11இலிருந்து 12க்குப் போகும் பாதை சுமார் 13 கிலோமீட்டர், ஏறி இறங்கி ஏறும் செங்குத்துக் காடு. அங்கே கொடுக்க ஆள் கிடையாது. பாட்டியின் கடைசி மிகானைப் பாதி வழியில்தான் உரித்தேன்.

அடுத்த கட்டம் 13இலிருந்து 23 வரை. கோயில் ஒன்றுக்கு இரண்டு சீட்டு போட வேண்டும், ஒசெத்தாய்க்குத் தனியாக வேண்டும். அதனால் இந்த முறை நூறு சீட்டுக் கட்டு வாங்கியிருக்கிறேன். பையைத் திறக்காமல் சட்டென்று எடுத்துக் கொடுக்க, சட்டையின் உள்பக்கம் ஒரு சின்ன பாக்கெட்டும் தைத்துவிட்டேன்.