அப்பாவும் மயக்க மருந்தும்

நேற்று அப்பாவுக்கு நாகர்கோவிலில் கொலோனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கிற சோதனை. வயது 79, பிரஷர் மாத்திரை, ராத்திரி பலத்த குறட்டை. எனக்குப் பயமெல்லாம் மயக்க மருந்தை நினைத்துத்தான். முந்தின நாளே மயக்க மருந்து டாக்டரைப் பார்த்து எல்லாம் சொல்லிவிட்டேன். குறட்டையை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு மயக்கத்தில் அது இன்னும் கூடலாம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மயக்க மருந்துகளில் மிடாசோலம் என்பது வயதானவர்கள் உடம்பில் நெடுநேரம் தங்கும். குழப்பம், தடுமாற்றம் வரலாம். புரோபோஃபால் என்ற இன்னொரு மருந்து கொடுத்தால் சீக்கிரம் தெளியும். ஆனால் பிரஷரையும் மூச்சையும் சட்டென்று இறக்கிவிடும். போதாக்குறைக்கு, வயிறு சுத்தமாகக் குடிக்கிற மருந்தால் உடம்பில் நீர்ச்சத்தும் குறைந்திருக்கும். எந்த மருந்தானாலும் இளவயதுக்காரரைவிட அளவைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, பொறுத்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டுமாம். மூச்சைக் கவனிக்கவென்றே ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மயக்கமே இல்லாமலும் செய்யலாம், சிலர் தாங்கிக்கொள்வார்கள். அப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை.

சோதனை முடிந்து, விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அப்பாவை வெளியே கொண்டுவந்தார்கள். மெதுவாகக் கண் திறந்து, "மக்களே, இன்னும் ஆரம்பிக்கல்லியா?" என்றார். கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். நன்றாகத் தெளிந்துதான் இருந்தார். ஆனாலும் ராத்திரி வரை பாத்ரூமுக்குத் தனியாக விடவில்லை.